தயார் வேறு, முடிந்தது வேறு

போன அத்தியாயத்தில் எழுதிய அரட்டை சர்வர் ஓடுகிறது. யார் வந்து இணைந்தாலும் அவருக்கென்று ஒரு த்ரெட் பிறக்கிறது. அது ‘ரிசீவ்’ என்று கெர்னலிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. இப்போது இரண்டு டெர்மினலைத் திறந்து இரண்டிலிருந்தும் சர்வரோடு இணையுங்கள். ஒன்றும் தட்டாதீர்கள். எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து பார்த்தால் அந்த இரண்டு த்ரெட்டும் விட்ட இடத்திலேயே உறங்கிக்கொண்டிருக்கும். எதிர்முனையில் இருப்பவர் ஒரு எழுத்தாவது தட்டும்வரை அவற்றால் வேறெதுவும் செய்ய முடியாது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நிற்கிற கதை இது. பத்து அடுப்பில் பால் இருந்தால் பத்துப் பேர் நிற்க வேண்டும். குக்கர் அப்படியல்ல. ஏற்றிவைத்துவிட்டுக் காய் நறுக்கலாம், விசில் கேட்டதும் போய்ப் பார்க்கலாம். இந்த அத்தியாயத்தில் நம் சர்வரைப் பாலிலிருந்து குக்கருக்கு மாற்றப்போகிறோம். ஒரே த்ரெட், பல ஆயிரம் சாக்கெட்.

மாற்றுவதற்கு முன் ஒரு தவறான கணக்கைத் தீர்த்துவிடுவோம். ‘ஒரு த்ரெட்டுக்கு 8 எம்பி, பத்தாயிரம் த்ரெட்டுக்கு 80 ஜிபி’ என்று பலர் பயமுறுத்துவார்கள். நம்ப வேண்டாம். லினக்ஸில் த்ரெட்டின் ஸ்டாக்குக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் 8 எம்பி வெறும் முகவரி வெளி. நிரல் தொட்ட பக்கங்களுக்குத்தான் ராம் செலவாகும். உண்மையான செலவு வேறு இடங்களில் இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் கெர்னலுக்குள்ளேயே ஒரு தனி ஸ்டாக் வேண்டும். 64 பிட் எக்ஸ்86 கணினியில் அது 16 கேபி. விழிப்பதும் உறங்குவதுமாக ஆயிரக்கணக்கான த்ரெட்டுகளை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கும் வேலை கெர்னலுக்கு. இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி பூட்டு. அரட்டை அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எல்லா த்ரெட்டும் தொடுவதால் அதற்கு ஒரு பூட்டு போட்டோம். அந்தப் பூட்டை ஒரு இடத்தில் திறக்க மறந்து நீங்கள் இழந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். த்ரெட்டுகள் பெரும்பாலான வேலைகளுக்கு ஏற்றவையல்ல என்று ஜான் அவுஸ்டர்ஹவுட் 1996இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் பேசியதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

1999இல் டான் கெகல் இந்தச் சிக்கலுக்கு ‘சி10கே’ என்று பெயர் வைத்தார். ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் வாடிக்கையாளர்களைக் கையாள முடியுமா என்பது கேள்வி. கணினியின் வலிமை போதும், மென்பொருள் எழுதப்பட்ட விதம்தான் குறுக்கே நிற்கிறது என்பது அவர் கட்சி.

அப்போது கையில் இருந்த கருவி ‘செலக்ட்’. 1983இல் 4.2பிஎஸ்டியோடு வந்தது. இந்தச் சாக்கெட்டுகளில் எதிலாவது ஏதாவது வந்தால் எழுப்பு என்று கெர்னலிடம் பட்டியல் கொடுக்கலாம். பட்டியலில் 1023க்கு மேற்பட்ட எண் செல்லாது. பிறகு வந்த ‘போல்’ இந்த வரம்பை நீக்கியது. ஆனால் இரண்டுக்கும் ஒரே வியாதி: ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் கெர்னலிடம் கொடுக்க வேண்டும், கெர்னல் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். மூன்றே பேர் பேசுகிற அறையில் பத்தாயிரம் பேருக்கும் நொடிக்கு நூறு தடவை வருகைப் பதிவு எடுப்பதுபோல. ‘பட்டியலைக் கெர்னலே வைத்துக்கொள்ளட்டும், கைதூக்கியவர்களை மட்டும் சொல்லட்டும்’ என்ற தீர்வு ஃப்ரீபிஎஸ்டியில் 2000இல் ‘கேக்யூ’வாக வந்தது. ஜோனதன் லெமன் எழுதியது. லினக்ஸில் டேவிடே லிபென்ஸி எழுதிய ‘இபோல்’ 2002இல் 2.5.44 பதிப்பில் நுழைந்தது. 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் முதல் 2009இல் வந்த ரெடிஸ், நோட்.ஜேஎஸ் வரை எல்லாம் இந்த அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டவையே. நாமும் இபோலைத்தான் பயன்படுத்தப்போகிறோம்.

சுழலை எழுதுதல்

எலும்புக்கூடு சிறியது. ‘இபோல்-கிரியேட்’ என்று ஒரு இபோல் வாங்குங்கள். கேட்கும் சாக்கெட்டை ‘இபோல்-கன்ட்ரோல்’ மூலம் அதில் பதியுங்கள். பிறகு முடிவில்லாத ஒரு சுழல். அதன் தலையில் ‘இபோல்-வெயிட்’. அது திரும்பும்போது ஒரு கட்டு நிகழ்வுகளைத் தரும். கேட்கும் சாக்கெட்டில் நிகழ்வு என்றால் புதியவரை ‘அக்செப்ட்’ செய்து அவரையும் இபோலில் பதியுங்கள். மற்றதில் நிகழ்வு என்றால் படியுங்கள். கட்டு தீர்ந்ததும் மறுபடியும் இபோல்-வெயிட். இதை இவென்ட் லூப் என்பார்கள். நான் இந்நூலில் நிகழ்வுச் சுழல் என்கிறேன். அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

முழு நிரலும் உறங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் இபோல்-வெயிட். வேறெங்கும் உறங்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் நான்பிளாக் கொடியை ஏற்ற வேண்டும். ‘இபோல்தான் தரவு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டதே, பிறகு படித்தால் ஏன் உறங்கப்போகிறது?’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, பதிலும் முக்கியம். இபோல் சொல்வது ஒரு குறிப்பு மட்டுமே, வாக்குறுதி அல்ல. யூடிபி பொட்டலம் ஒன்று வந்தது என்று கெர்னல் எழுப்பிவிடும். நீங்கள் படிக்கப் போகும்போது செக்சம் தவறு என்று கண்டு அதைத் தூக்கிப் போட்டுவிடும். புதியவர் கதவைத் தட்டினார் என்று எழுப்பும். நீங்கள் அக்செப்ட் செய்வதற்குள் அவர் இணைப்பு முறிந்து போயிருக்கலாம். கொடி ஏற்றாத சாக்கெட்டாக இருந்தால் அங்கேயே உங்கள் ஒற்றைத் த்ரெட் உறங்கிவிடும், அதோடு பத்தாயிரம் பேரும் உறைந்துவிடுவார்கள். ஆகவே கேட்கும் சாக்கெட்டுக்கும் கொடி வேண்டும். லினக்ஸில் இன்னொரு கண்ணி: கேட்கும் சாக்கெட்டின் கொடி, அக்செப்ட் தரும் புதிய சாக்கெட்டுக்குத் தானாக வராது. ‘அக்செப்ட்4’ பயன்படுத்திக் கொடியோடு சேர்த்தே வாங்குங்கள்.

கொடி ஏற்றிய சாக்கெட்டில் எதுவும் இல்லாதபோது படித்தால் ‘ஈ-அகெய்ன்’ என்ற பிழை வரும். பெயர்தான் பிழை. ‘இப்போது இல்லை, அப்புறம் வா’ என்பதே பொருள். அதைப் பார்த்ததும் இணைப்பை மூடிவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மூட வேண்டியது ரிசீவ் பூஜ்யம் தரும்போது. பூஜ்யம் என்றால் எதிர்முனை இனி அனுப்பப்போவதில்லை.

பாதி எழுத்து

இங்கிருந்துதான் சர்வர் நிஜமாகவே மாறுகிறது. த்ரெட் வைத்து எழுதியபோது ‘ஒரு வரி படி’ என்றோம், வரி முடியும்வரை த்ரெட் காத்திருந்தது. எதுவரை படித்தோம் என்ற நினைவை த்ரெட்டின் ஸ்டாக்கே சுமந்தது. இப்போது அந்த ஸ்டாக் இல்லை. நிகழ்வு வந்தது, கொஞ்சம் படித்தோம், அடுத்தவரிடம் போய்விட்டோம். விட்ட இடத்தை நாமேதான் குறித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கணக்குப் புத்தகம்: உள்ளே வந்து இன்னும் வரியாகாத பைட்டுகள், வெளியே போக வேண்டியதில் மீதம், கடைசியாக ஆள் பேசிய நேரம்.

டிசிபி செய்திகளைக் கொண்டுவருவதில்லை, பைட்டுகளைக் கொண்டுவருகிறது. எதிர்முனையில் ஒரே தடவையாக அனுப்பியது இங்கே மூன்று துண்டாக வரலாம், மூன்று தடவை அனுப்பியது ஒரே துண்டாகவும் வரலாம். ஆங்கிலத்தில் சோதிப்பவர்களுக்கு இது பல மாதம் தெரியாமலேயே போகும். தமிழ் முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும். ‘வணக்கம்’ என்பது யூடிஎஃப்-8இல் 21 பைட்டுகள். யூனிகோடு கணக்கில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள், குறிக்கு 3 பைட். பத்தாவது பைட்டில் துண்டு முறிந்தால் புள்ளி பாதியில் அறுபட்டு நிற்கும். வந்த துண்டை அப்படியே எழுத்துச் சரமாக மாற்றினால் கட்டமோ கேள்விக்குறியோ திரையில் தெரியும், அல்லது பைத்தான் பிழை வீசும்.

வழி எளிது. வந்ததைப் பைட்டாகவே கணக்கில் சேருங்கள். அதில் வரிமுடிவுக் குறியைத் தேடுங்கள். அது கிடைத்த பிறகு, முழு வரியை மட்டும் எழுத்தாக மாற்றுங்கள். யூடிஎஃப்-8இல் வரிமுடிவு பைட் வேறெந்த எழுத்தின் நடுவிலும் வராது என்பதால் இந்தத் தேடல் பத்திரமானது. ஒரு துண்டில் இரண்டரை வரி வந்தால் இரண்டைக் கையாண்டு அரையை வைத்திருங்கள். வரிமுடிவே அனுப்பாமல் கொட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கு ஒரு வரம்பும் வேண்டும். நான் 8 கேபி வைக்கிறேன். தாண்டினால் இணைப்பைத் துண்டித்துவிடுவேன்.

எழுதும் பக்கம்

படிப்பதைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். உண்மையான சோதனை எழுதுவதில் இருக்கிறது. ‘சென்ட்’ என்று 60,000 பைட் கொடுத்தால் கெர்னல் 20,000 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த எண்ணைத் திருப்பித் தரலாம். மீதி உங்கள் பொறுப்பு. அதோடு அது வெற்றிகரமாகத் திரும்பியது என்பதற்கு, கெர்னல் தன் பஃபரில் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதல்ல.

செய்முறை இது. முதலில் நேரடியாக அனுப்பிப் பாருங்கள். முழுதும் போய்விட்டால் தீர்ந்தது. மீதம் இருந்தால் அதைக் கணக்கில் எழுதி, அந்தச் சாக்கெட்டுக்கு ‘எழுத இடம் வந்தால் சொல்’ என்று இபோலிடம் பதியுங்கள். நிகழ்வு வரும்போது மீதத்தை அனுப்புங்கள். கணக்கு தீர்ந்ததும் அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒரு காலத்தில் விட்டுவிட்டேன். படிக்க, எழுத இரண்டையும் ஆரம்பத்திலேயே பதிந்துவைத்தால் வேலை மிச்சம் என்று நினைத்தேன். சர்வர் அழகாக ஓடியது. மூன்றே பேர் இணைந்திருந்தார்கள், யாரும் பேசவில்லை, ‘டாப்’ கட்டளையில் பார்த்தால் சிபியூ 100 சதவீதம். மின்விசிறி ஊளையிட்டது. காரணம் புரிய அரை நாள் ஆனது. ஒரு சாக்கெட்டில் எழுத இடம் பெரும்பாலும் எப்போதுமே இருக்கும். ஆகவே இபோல்-வெயிட் உறங்கவே இல்லை. ‘இடம் இருக்கிறது, இடம் இருக்கிறது’ என்று நொடிக்குப் பல்லாயிரம் தடவை எழுப்பிக்கொண்டே இருந்தது.

கணக்கில் மீதம் சேரும் என்றால் அது எவ்வளவு சேரலாம்? அரட்டை அறையில் ஒருவருடைய இணைப்பு மந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் பேசப்படுவதெல்லாம் அவர் கணக்கில் குவியும். வரம்பு இல்லையென்றால் அந்த ஒருவரால் உங்கள் ராம் முழுதும் நிரம்பி, எல்லோரும் விழுவார்கள். இதற்கு ரெடிஸ் வைத்திருக்கும் விடை கறாரானது. செய்தி ஒலிபரப்பைக் கேட்கும் வாடிக்கையாளரின் நிலுவை 32 எம்பியைத் தாண்டினால் உடனே வெட்டு, 8 எம்பிக்கு மேல் தொடர்ந்து 60 நொடி இருந்தாலும் வெட்டு. அமைப்புக் கோப்பில் மாற்றலாம், ஆனால் இயல்பாக வருவது அதுதான். நம் சிறிய சர்வருக்கு 1 எம்பி போதும். மந்தமானவரைத் துண்டிப்பது இரக்கமற்ற செயலாகத் தோன்றும். மற்ற எல்லோரையும் மூழ்கடிப்பது அதைவிட மோசம்.

எதிர்முனை மூடிவிட்ட சாக்கெட்டில் எழுதினால் சிக்பைப் என்ற சமிக்ஞை வந்து முழு சர்வரையும் கொன்றுவிடும் என்பதால் அதைப் புறக்கணிக்கச் சொல்லிவிடுங்கள்.

அழுகையும் விசிலும்

இபோல் இரண்டு விதமாக எழுப்பும். இயல்பாக வருவது நிலை சார்ந்தது. பசித்த குழந்தை எடுக்கும்வரை அழுவதுபோல, படிக்காத பைட் ஒன்று மிச்சம் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் சொல்லும். இன்னொன்று மாற்றம் சார்ந்தது. குக்கர் விசில்போல, புதிதாக ஏதாவது வரும்போது ஒரு தடவை ஒலிக்கும். கவனிக்காமல் விட்டால் போனது போனதுதான். இரண்டாவதைத் தேர்ந்தால் ஈ-அகெய்ன் வரும்வரை படித்துத் தீர்க்க வேண்டும். பாதியில் விட்டால், மிச்சம் கெர்னலில் கிடக்கும், உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள், எதிர்முனையும் பதிலுக்குக் காத்திருக்கும். இரண்டு பேரும் காத்திருக்கிற அந்த மௌனத்தைப் போன்ற கொடிய பிழை வேறில்லை. சரி, தீர்த்துவிடுவோம் என்று படித்துக்கொண்டே போனால், ஓயாமல் கொட்டுகிற ஒரு ஆளிடமே மாட்டிக்கொண்டு மற்றவர்களைப் பட்டினி போடுவீர்கள்.

என் பரிந்துரை நிலை சார்ந்தது. ஒரு சுற்றுக்கு ஒருவரிடம் 16 கேபி மட்டும் படியுங்கள். மிச்சத்தை அடுத்த சுற்றில் அதுவே நினைவூட்டும். மாற்றம் சார்ந்த முறை வேகமானது என்று மார்தட்டுபவர்களிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

சுழலை நிறுத்தும் வேலைகள்

ஒரே த்ரெட் என்பதால் பூட்டுகள் போய்விட்டன. அறைப் பட்டியலை நிம்மதியாகத் தொடலாம். அதற்கு விலை, எந்த வேலையும் நீளக் கூடாது. ஒருவருக்காக 50 மில்லிநொடி கணக்குப் போட்டால் அந்த 50 மில்லிநொடியும் எல்லோருக்கும் போனது.

சிபியூவைத் தின்னும் வேலை கண்ணுக்குத் தெரியும். ஒளிந்திருப்பவை இரண்டு. ஒன்று டிஎன்எஸ். பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் ‘கெட்-அட்ரஸ்-இன்ஃபோ’ ஒரு சாதாரண அழைப்பாகத்தான் தெரியும். பெயர்ச் சேவையகம் பதில் சொல்லாவிட்டால் பல நொடிகள் அசையாமல் நிற்கும். மற்றது வட்டுக் கோப்பு. கோப்புக்கும் நான்பிளாக் கொடி ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரணக் கோப்புக்கு அந்தக் கொடியால் பயனில்லை. இபோலில் பதியப் போனால் அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். நோட்.ஜேஎஸ்ஸின் அடியில் இருக்கும் லிப்யூவி இந்த இரண்டையும் தனியே வைத்திருக்கும் த்ரெட் கூட்டத்திடம் ஒப்படைக்கிறது. அந்தக் கூட்டத்தின் இயல்பான அளவு நான்கே. நோட் சர்வர் ஒன்றில் கோப்பு படிப்பது காரணமே இல்லாமல் தாமதமானால், நான்கு த்ரெட்டும் டிஎன்எஸ் விடைக்காகக் காத்துக் கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

வெளியே வேறொரு சர்வரோடு இணைவதும் காத்திருக்கும் வேலைதான். கொடி ஏற்றிய சாக்கெட்டில் ‘கனெக்ட்’ உடனே திரும்பிவிடும், ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற குறிப்போடு. எழுதத் தயார் என்று இபோல் சொன்னதும் இணைந்துவிட்டது என்று துள்ளாதீர்கள். தோற்றுப்போனாலும் அதே நிகழ்வுதான் வரும். சாக்கெட்டின் பிழை எண்ணைக் கேட்டுப் பார்த்து, அது பூஜ்யமாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

ஆள் வராத நேரத்தையும் கவனிக்க வேண்டும். 2009இல் வெளியான ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் கருவி, நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் தலைப்பு வரிகளை அவ்வப்போது துளித்துளியாக அனுப்பும். த்ரெட்டுக்கு ஒருவர் என்று வைத்திருந்த வலை சர்வர்கள் முடங்கின. நிகழ்வுச் சுழலுக்கு இது எளிதில் உறைக்காது, ஆனால் சாக்கெட் எண்கள் தீரும். ‘கடைசியாகப் பேசிய நேரம்’ கணக்கில் இருக்கிறதல்லவா? இபோல்-வெயிட்டுக்கு ஒரு நொடிக் காலவரம்பு கொடுத்து, ஒவ்வொரு நொடியும் அந்தக் கணக்கைப் பார்த்து, நெடுநேரம் வாய் திறக்காதவரை அனுப்பிவிடுங்கள்.

எண்கள் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் ஒரு நிரல் திறக்கக்கூடியவற்றின் வரம்பு பெரும்பாலும் 1024 என்றுதான் தொடங்கும், முதல் வேலையாக அதை உயர்த்துங்கள். உயர்த்திய வரம்பும் தீர்ந்தால் அக்செப்ட் பிழை தரும், ஆனால் வாசலில் ஆள் நிற்பதால் இபோல் அழுதுகொண்டே இருக்கும். மீண்டும் 100 சதவீத சிபியூ. இதற்கு ஒரு பழைய உபாயம்: தொடக்கத்திலேயே வெற்றுச் சாதனக் கோப்பு ஒன்றைத் திறந்து ஒரு எண்ணைக் கைவசம் வைத்திருங்கள். நெருக்கடியில் அதை மூடி, கிடைத்த இடத்தில் வாசலில் நிற்பவரை உள்ளே எடுத்து உடனே மூடி, மறுபடி அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிழை, பல அனுபவசாலிகளும் விழுந்தது. ஒரு கட்டில் 20 நிகழ்வுகள். மூன்றாவதைக் கையாளும்போது, மந்தமானவர் என்று 12ஆம் எண் சாக்கெட்டை மூடிவிட்டீர்கள். ஐந்தாவது நிகழ்வில் புதியவர் வருகிறார். காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதையே கெர்னல் தரும் என்பதால் அவருக்கும் 12 கிடைக்கலாம். ஒன்பதாவது நிகழ்வு 12ஆம் எண்ணுக்கானது, ஆனால் பழைய 12க்கு. போனவருக்கு வந்த கடிதத்தைப் புதிதாகக் குடிவந்தவர் பிரிக்கிறார். மூட வேண்டியவர்களை ஒரு பட்டியலில் எழுதிவைத்து, கட்டு முழுதும் தீர்ந்த பிறகு மூடுங்கள். இந்தப் பிழை போய்விடும்.

இவ்வளவு பாடு எல்லோருக்கும் தேவையா? இருநூறு பேர் வந்துபோகும் அலுவலக சர்வருக்குத் தேவையில்லை, போன அத்தியாயத்தின் த்ரெட்டுகளே போதும். கோ மொழியிலும், 2023இல் வந்த ஜாவா 21இன் மெய்நிகர் த்ரெட்டுகளிலும் நீங்கள் பால் அடுப்புபோலவே எழுதலாம். அடியில் ஒரு சுழல் குக்கர் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பைத்தானின் அசிங்க்-அவெய்ட்டும் விட்ட இடத்தைக் குறித்துவைக்கும் கணக்கரை உங்களுக்காக நியமிக்கிறது. ஆனால் மந்தமான வாடிக்கையாளரும் பதிலளிக்காத டிஎன்எஸ்ஸும் அங்கேயும் உண்டு.

லினக்ஸிலேயே இன்னொரு பாதையும் திறந்திருக்கிறது. ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதி 2019இல் 5.1 பதிப்பில் வந்த ‘ஐஓ-யூரிங்’ தயார் என்று சொல்வதில்லை, வேலையை வாங்கிக்கொண்டு முடிந்ததும் சொல்கிறது. வட்டுக் கோப்புக்கும் இது பொருந்தும். விண்டோஸ் என்டி 1994இலேயே 3.5 பதிப்பில் இந்த வழிக்குப் போய்விட்டது. அதற்கு வேறு ஒழுக்கம் வேண்டும், முக்கியமாக வேலை முடியும்வரை கெர்னலிடம் கொடுத்த பஃபரைத் தொடாமல் இருக்கும் ஒழுக்கம்.

இனி உங்கள் முறை. அனுப்பியவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் வரியை அனுப்பும்படி சர்வரை மாற்றி எழுதுங்கள். மூன்று டெர்மினலிலிருந்து நெட்கேட் மூலம் இணையுங்கள். முதலாவதில் கண்ட்ரோல்-இசட் அழுத்தி அதை உறையவையுங்கள், அவர்தான் நம் மந்தமான வாடிக்கையாளர். மூன்றாவதன் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்தை வரையும் வேகம் போதாமல் அதுவும் மந்தமானவராகிவிடும். இரண்டாவதிலிருந்து 50 எம்பி அளவுள்ள தமிழ் உரைக்கோப்பு ஒன்றை அனுப்புங்கள். கெர்னலின் பஃபர்கள் நிரம்பி, உங்கள் 1 எம்பி வரம்பும் நிரம்பி, முதலாமவர் துண்டிக்கப்பட வேண்டும். மூன்றாவதில் சேர்ந்த கோப்பு, அனுப்பிய கோப்போடு ஒரு பைட்கூட மாறாமல் இருக்க வேண்டும். மாறியிருந்தால் அடுத்த அத்தியாயத்துக்கு வராதீர்கள், எழுதும் பக்கத்தில் மீதக் கணக்கை மறுபடி பாருங்கள்.